மேலும் காண்க

சிப்காட்டில் கரண்ட் போகும் நேரம்
எங்களுக்கு மனப்பாடம்:
ஒன்பதரை, பன்னிரண்டு, அப்புறம் அதன் இஷ்டம்.
ராணிப்பேட்டை, மே மாதம்.
பகலில் பழுத்த தகரக்கூரை
ராத்திரியும் ஆறவில்லை.
தோல் நெடி ஏறாத ஒரே அறை
கம்ப்யூட்டர் அறை.
அங்கே வந்து நிற்க
எல்லோரிடமும் ஒரு காரணம் இருக்கும்.
தனகோட்டிக்குத் தண்ணீர் கேன்.
முனிரத்தினம் சாருக்குச் சுவர்க்கடிகாரம்.

எனக்கு அன்று நிஜமாகவே வேலை.
ஹார்டு டிஸ்க் செத்துவிட்டது.
முந்நூற்றுப் பதினாறு பேரின் சம்பளம்
சோப்புக்கட்டி அளவு டேப் ஒன்றில்
சுருண்டு கிடந்தது.
அவிழ்க்கத் தெரிந்த எபனேசர்
போன மாதம் பெங்களூர் போய்விட்டார்.
டிராயரில் இரண்டு பேனா மூடி,
என்னிடம் ஒரு வாக்கியம்,
அவ்வளவுதான் விட்டுப்போனது:
'எல்லாம் உள்ளேயே இருக்கு, கேட்டா சொல்லும்.'

கேட்டேன்.
கேட்பதற்கே பெயர் தெரிய வேண்டுமாம்.
தெரியாதவளிடம்
'அப்படி எதுவும் இல்லை' என்றது,
தாலுகா ஆபீஸ் ஜன்னல் போல.
பெயரை விட்டுவிட்டு
வெறும் ஒரு சொல்லைக் கொடுத்துப் பார்த்தேன்: டேப்.
பதினோரு பெயர் கொட்டியது.
ஒன்பதாவது, டார்.
ரோட்டுக்கு ஊற்றுவது என்றுதான்
முதலில் படித்தேன்.

பத்தே முக்கால்.
திரையில் இருப்பது கரண்டோடு போய்விடும்.
காகிதம் போகாது.
பிரிண்டருக்கு அனுப்பினேன்.
ஒன்பது ஊசியும் அழுதுகொண்டு கிளம்பின.

தலைப்புகள் எல்லாம்
திக்குவாய்க்காரன் பேச்சாய் வந்தன,
ஒவ்வொரு எழுத்தும் இரண்டு இரண்டாய்.
அழுத்திச் சொல்ல வேண்டியதை
ஒரே இடத்தில் இருமுறை அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்;
எங்கள் பிரிண்டருக்குப்
பின்னால் நகரத் தெரியாது.
பன்னிரண்டு தாள் வீண்.
தனகோட்டி ஓட்டைக் கரையைக் கிழித்தபடி,
'மெஷினுக்கும் நாக்குக் குழறுமாம்மா?' என்றார்.
அதைத் திருத்தவும் உள்ளே ஒரு பக்கம் இருந்தது.
இன்னொரு தரம் அடித்தேன்.
கடைசித் தாள் வெளியே தலை நீட்டும்போது
பன்னிரண்டாகவில்லை, கரண்ட் போய்விட்டது.

எமர்ஜென்சி விளக்கு.
தரையில் தாளை விரித்து
குப்புறப் படுத்துப் படித்தேன்.
ஏசி நின்ற அறைக்குள்
மெல்ல நெடி வந்து உட்கார்ந்தது.
இதைப் பிரிக்க இந்த எழுத்து, பட்டியலிட இது,
எழுத்து மாறினால் இருப்பதும் அழியும்.
அந்த வரியை விரலால் மூன்று முறை தொட்டேன்.

கடைசியில் ஒரு தலைப்பு: பிழைகள்.
யாரோ முகம் தெரியாதவன்
தான் செய்ததில் எது சரியில்லை என்று
தானே எழுதி வைத்திருந்தான்.
நீளமான பெயரை நூறாவது எழுத்தில் வெட்டிவிடுமாம்.
ஒரே பெயர் இரண்டு தரம் இருந்தால்
எத்தனையாவது என்று கேட்க வழியில்லையாம்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
ஊறல் தொட்டியில் மட்டும்
நான்கு தேவராசு.
நான்கு பேருக்கும் மாறி மாறிச் சம்பளம் போட்டதை
இந்த ஆபீசில் எந்த ரிஜிஸ்டரும்
பிழை என்று எழுதியதில்லை.
'கிளரிக்கல்' என்று எழுதும்.

இரண்டே காலுக்கு விசிறி அசைந்தது.
ஒவ்வொரு எழுத்தாய்
தாளைப் பார்த்துத் தட்டினேன்.
டேப் சுற்ற ஆரம்பித்ததும்
திரையில் பெயர்கள் ஏறின.
மூன்றாவது தேவராசுவைப் பார்த்தபோது
என்னை அறியாமல் 'வாங்க' என்றேன்.

விடியுமுன் அந்தத் தாளின் அடியில்
பால்பாயிண்ட் பேனாவில், தமிழில் எழுதினேன்:
டேப் கதவை இரண்டு தரம் அழுத்தணும்.
போன மார்ச்சில் சரிபார்க்காமல் எடுத்த டேப் காலி,
யாரிடமும் சொல்லவில்லை, என் தப்பு.
கையெழுத்தும் போட்டேன்.
அப்புறம் வெகுநேரம்
கிழித்துவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம்
முத்துக்கடையில் மெதுவடை வாங்கினேன்.
சுற்றித் தந்த தாளில்
எல்லா எழுத்தும் இரண்டு இரண்டாய்.
தனகோட்டி கிலோக் கணக்கில் போட்டிருப்பார்.
எண்ணெய் ஊறிய இடத்தில்
பின்பக்கமும் தெரிந்தது:
'மேலும் காண்க'.
அதன் கீழே ஏழெட்டுப் பெயர்கள்.
ஒன்றுகூட எனக்குத் தெரியாது.
வடையைத் தின்றுவிட்டு
தாளை மடித்துப் பையில் வைத்தேன்.