அட்டையில் முட்டி இல்லை

அட்டையில் என் பெயர் வள்ளியாத்தாள்.
வயது ஐம்பத்திரண்டு. காங்கேயம் பக்கம்.
இடது மார்பில் புளியங்கொட்டை அளவு கட்டி,
வலி கிடையாது.
ரிப்போர்ட்டில் என்ன வந்திருக்கிறதென்று
எனக்குத் தெரியாது.
தெரியாதது போல் இருக்க
எண்ணூறு ரூபாய், மதியச் சாப்பாடு, பஸ் காசு.

நிஜத்தில் நான் சென்னிமலையில்
தலையணை உறை தைப்பவள்.
நோம்பிக்கு மேடை கட்டினால் நடிப்பேன்.
டெங்கு நாடகத்தில் மூன்று வருஷம் கொசு.
கொசுவுக்குக் கைதட்டு அதிகம்.
பெருந்துறையில், இந்தக் காலேஜில்,
பச்சைத் திரைக்குப் பின்னால்
ஒரு மேடம் டிக் அடிப்பார், அவ்வளவுதான்.

மணி அடிக்க அடிக்க ஒவ்வொருவராக வந்தார்கள்,
கடைசி வருஷப் பிள்ளைகள்,
இஸ்திரி மடிப்பு கலையாத கோட்டு.
முதல் பையன் என் கண்ணைப் பார்த்தான்
ஒன்று இரண்டு மூன்று எண்ணிக்கொண்டு.
கண்ணைப் பார்த்தால் ஒரு மார்க்.
அடுத்தவள் டிஷ்யூ டப்பாவைத் தள்ளினாள்
நான் அழ ஆரம்பிக்கும் முன்பே.
"உங்க மனசு எனக்குப் புரியுதுங்கம்மா" என்றான் நான்காமவன்,
அவன் மனசு சுவர்க் கடிகாரத்தில்.
ஐந்தாமவன் கேன்சர் என்ற சொல்லை
கொதிக்கிற டம்ளர் மாதிரி
விளிம்பில் பிடித்துக் கொண்டுவந்து
டொக்கென்று வைத்துவிட்டான்.

குறை சொல்லவில்லை.
ஏழு நிமிஷத்தில் யாருக்குத்தான் வரும்.
நானும் அதுவரை
நாடகத்து அழுகைதான் அழுதேன்,
கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி.

ஆறாவது தடவை கை தானாக
ரிப்போர்ட்டை எட்டாக மடித்தது.
என் நங்கையா மடித்தது அப்படித்தான்.
ஈரோட்டு ஆஸ்பத்திரியில் அன்றைக்கு
எட்டாக மடித்து, பர்ஸில்
பஸ் டிக்கெட்டோடு சேர்த்து வைத்து,
"சேரிங்க. அப்ப நாங்க போலாமுங்களா?" என்றாள்.
அழவில்லை. டாக்டருக்கு நிம்மதி.
எங்கள் பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' உண்டு.
வலியைக்கூட மரியாதை கொடுத்துத்தான் சொல்வோம்.
கேட்கிறவர்கள்
மரியாதையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம் நான் அழவில்லை.
சேரிங்க என்றேன். மடித்தேன்.
ஏழும் எட்டும்
"அம்மா தைரியமா இருக்கீங்க" என்று
முகம் தெளிந்து போனார்கள்.

ஒன்பதாவது நவநீதா.
பேச வாயெடுத்து, என் கையைப் பார்த்து,
படித்து வந்த வரி தொலைந்து
சும்மா உட்கார்ந்திருந்தாள்.
ஃபேன் சத்தம்.
பிறகு கேட்டாள்:
"ஏனுங்க, காலை மாத்திப் போடறப்ப
உதட்டைக் கடிச்சீங்களே,
முட்டி வலிங்களா?"

இருபது வருஷம் மிஷின் மிதித்த கால்.
ஆமாங் கண்ணு, ராத்திரியெல்லாம் தூக்கமில்லை
என்று வாய் வரைக்கும் வந்தது.
அட்டையில் முட்டி இல்லை.
"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன்.
கொஞ்ச நேரம் நம்பாமல் பார்த்தாள்.
அப்புறம் நம்பிவிட்டாள்,
நான் நல்ல நடிகை.
மணி அடித்தது.
கட்டியைப் பற்றி அவள் இன்னும் சொல்லவேயில்லை.
திரைக்குப் பின்னால் டிக் சத்தமும் இல்லை.

மூன்று பேர் பாக்கி. நடித்தேன்.

முடிந்ததும் எனக்கும் ஒரு தாள் தந்தார்கள்.
இவரிடம் மறுபடி வருவீர்களா, ஆம், இல்லை.
பன்னிரண்டு கட்டம்.
ஒன்பதில் ஆம் போட்டேன்.
கட்டத்துக்கு வெளியே
'முட்டி வலி இருந்ததுங்க' என்று எழுதினேன்.
கீழே கையெழுத்து,
வள்ளியாத்தாளா தங்கநாயகியா என்று
கேட்க வெட்கப்பட்டு
பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஈங்கூர் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.
உட்கார இடம் கிடைத்து
சில்லறைக்குப் பர்ஸைத் திறந்தால்
எண்ணூறு ரூபாய்க்கு அடியில் அந்த ரிப்போர்ட்.
கொடுக்க மறந்திருக்கிறேன்.
பிரித்தேன்.
வெறும் வெள்ளைத்தாள்.
அதே மடிப்பில் மடித்து
உள்ளேயே வைத்துக்கொண்டேன்.