ஈரக் கழிவு

கட்டபெட்டு முனையில் இலை எடை போடுகிறவன் நான்.
மஞ்சு இறங்கிய நாளில்
சாக்குக்கு இரண்டு கிலோ கழிக்கலாம் என்பது
ஃபாக்டரி சொன்ன கணக்கு.
நான் மூன்று கழிப்பேன்.
யாரும் சொல்லித்தரவில்லை, கை பழகிவிட்டது.
அந்த ஒரு கிலோ என் வீட்டுக்கு வந்ததில்லை.
லாரி ஏறி, வதங்கி, அரைபட்டு
யாரோ ஒருவரின் டம்ளரில் சிவந்திருக்கும்.
ஆகவே திருட்டில்லை என்று
பாவசங்கீர்த்தனத் தொட்டி வரை சொல்லிக்கொண்டே போவேன்.
மண்டியிட்டதும்
கோபம், ஜெபத்தில் பராக்கு, பூசைக்குப் பிந்தியது ஒருமுறை
என்று பழைய சில்லறையையே எண்ணி வைத்துவிட்டு
எழுந்து வருவேன்.

இரவில் ஒரு குரல் வரும்.
இரண்டு மணிக்கு, தகரத்தில் பனி சொட்டும்போது.
'நீ ஒன்றுக்கும் ஆகாதவன்.
நன்மை வாங்க உனக்கு என்ன யோக்கியதை?'
கம்பளியை வாயில் திணித்துக்கொண்டு அழுவேன்.
அழுதபின் நல்ல தூக்கம் வரும்.
காலையில் மூன்று கழிப்பேன்.
வெகுகாலம் அதைத்தான்
ஆண்டவரின் குரல் என்று நம்பியிருந்தேன்.

போன செவ்வாய்
பல் துலக்கும்போது வேறொன்று கேட்டது.
அதட்டல் இல்லை. என்னை எந்தப் பெயரும் சொல்லவில்லை.
ரேஷன் கடையில் கார்டு நம்பர் கேட்பதுபோல,
'அமலோற்பவத்தின் சாக்கு
நேற்று நனைந்திருந்ததா?'
அவ்வளவுதான்.
வாயில் நுரையோடு நின்றேன்.
நேற்று பதினொன்றுக்கே வெயில் அடித்தது.
அவள் வந்தது மூன்றுக்கு.

அன்று அவள் வரிசையில் நான்காவது.
சாக்குக்குள் கையை விட்டேன்.
காய்ந்த கொழுந்து, உள்ளுக்குள் சூடு.
'கழிவு இல்லை' என்றேன்,
கொஞ்சம் சத்தமாக.
பின்னால் நிற்பவர்களுக்கும் எட்டுகிற சத்தம்.
எட்டியதா என்று திரும்பியும் பார்த்தேன்.
அப்படிப் பார்த்த கண்ணை
எந்தக் கணக்கில் எழுத?

அவள் நன்றி சொல்லவில்லை.
சீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு,
'அப்போ நேத்து?' என்றாள்.

ஞாயிறு, சமாதானம் பகிர்கிற நேரம்
இரண்டு வரிசை முன்னாலிருந்து திரும்பி
எல்லாரையும் கும்பிடுவதுபோல் என்னையும் கும்பிட்டாள்.
என் பையில் ஒரு துண்டுக் காகிதம்.
ஜூனிலிருந்து நாற்பத்தொரு நாள்,
அவள் சாக்கு மட்டும்.
இன்னும் பதினாறு பேர் இருக்கிறார்கள்.
இலை விலையால் பெருக்கும் இடத்தில்
பென்சில் நின்றுவிட்டது.

நன்மை வாங்க வரிசை நகர்ந்தது.
நான் நகரவில்லை.
'முழங்கால் வலியா?' என்று
என்னைத் தாண்டிப் போன பங்கிராஸ் கேட்டான்.
ஆமாம் என்றேன்.

காகிதத்தை எடுத்து
அதையும் எழுதிக்கொண்டேன்.