வலது பக்கம்

டிக்கெட் ஒரு கம்பெனி,
விமானம் வேறொரு கம்பெனி.
சிம்மக்கல் ஆபீஸில் இர்ஃபான் விளக்கினான்:
"நம்பர் இவங்களோடது, ரெக்கை அவங்களோடதுக்கா."
சாமி வரம் கொடுத்தாலும்
பூசாரி கொடுக்கணும் என்பது
எனக்குப் புரியாதா.

பணம் கட்டிய இடத்தில் கேட்டேன்.
அவர்களைக் கேளுங்கள் என்றார்கள்.
அவர்களைக் கேட்டேன்.
எங்கள் ஆறெழுத்தைச் சொல்லுங்கள் என்றார்கள்.
என் கையில் இருந்ததும் ஆறெழுத்துதான்,
அவர்களுடைய ஆறெழுத்து இல்லையாம்.
ஒரே ஆளுக்கு இரண்டு ஜாதகம்.

வில்லாபுரம் மொட்டைமாடியில்
டவர் கிடைக்கும் ஒரே மூலையில்
துணிக்கொடிக்கு அடியில் குனிந்து நின்று
நாற்பது நிமிடம் இசை கேட்டேன்.
பிறகு ஒரு பெண் வந்து
கணவர் பெயரை
எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னாள்.
ஓ ஃபார் ஆரஞ்சு. சி ஃபார் கேட்.
முப்பத்திரண்டு வருசமாக
வாய்விட்டுச் சொல்லாத பெயர்.
ஒச்சப்பன் என்று அது சேர்ந்து முடிவதற்குள்
பக்கத்து மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தவள்
நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்போது ஏழு சி, பத்தொன்பது எஃப்" என்றாள்.
"அவருக்கு வலது காது கேக்காதும்மா,
நான் இடது பக்கம் இருக்கணும்."
திரையில் அதற்கொரு கட்டம் தேடியிருப்பாள்.
சக்கர நாற்காலி இருந்தது,
சர்க்கரைக்காரர் சாப்பாடு இருந்தது.
இடது பக்கம் இல்லை.

இருபத்தாறு வருசம் தறி ஷெட்டில்
மெஷின் அவருடைய வலப்பக்கம் ஓடியது.
மிச்சமிருந்த பக்கத்தில் நான்.
டவுன் பஸ்ஸில், பந்தியில்,
இழவு வீட்டு பெஞ்சில்கூட
யாரையாவது எழுப்பிவிட்டு
அங்கேதான் உட்காருவேன்.

மறுபடி போன். மறுபடி அதே இசை.
தனிக் கட்டணம் இரண்டாயிரத்து அறுநூறு,
சீட்டு எடுத்த காசில் சீட்டு வாங்கினேன்.
பதினான்கு ஏ, பதினான்கு பி.
ஏயில் நான் உட்கார்ந்தால்
அவருக்கு இடது பக்கம். கணக்கு சரி.

மனிதர் நேராக ஜன்னலுக்குள் போய்
உட்கார்ந்துவிட்டார்.
அறுபத்தோரு வயதில் முதல் ஜன்னல்.
எழுப்ப மனசு வரவில்லை.
இத்தனை போன் பேசி வாங்கிய இடத்தில்
செவிட்டுப் பக்கம் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் மங்கும் நேரம்.
அவனியாபுரத்துக் கூரைகள் சாய்ந்தன.
தெப்பக்குளம் ஒரு சோழிக்கட்டம் போல வந்து போனது.
"அந்தா மில்லு" என்றார்
கண்ணாடியிடம்.
மில் இருந்த இடத்தில்
அடுக்குமாடி விளக்குகள்.
பிறகு வெளியே ஒன்றுமில்லை, இருட்டு.

கேட்காத காதுக்குப் பேசுவது
எவ்வளவு லேசு.
சீட்டுக் காசைச் சொன்னேன்.
மஸ்கட்டில் மாப்பிள்ளையாகப் போகிற
தம்பி மகனுக்கு வாங்கிய மோதிரம்
சொன்ன எடை இல்லை என்றேன்.
அப்புறம் வாய் நிற்கவில்லை.
மில் மூடின வருசம்
நீங்க சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்த மாசம்
நாலு சேலையைப் பையில் வைத்துக்கொண்டு
ஆரப்பாளையம் போனேன்.
தேனி பஸ்ஸில் ஏறினேன்.
நாகமலைப் புதுக்கோட்டையில் இறங்கி
ரோட்டைத் தாண்டி
எதிர்ப்பக்கம் நின்றேன்.
ஏன் இறங்கினேன் என்று
இன்னும் தெரியாது.

அவர் திரும்பவில்லை.
தண்ணீர் வந்தது.
வாங்கி, மூடியைத் திருகி,
என்னிடம் நீட்டினார்
கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.
அப்போதுதான் பார்த்தேன்
இருட்டுக் கண்ணாடியில் என் உதடுகளை.
தறி இரைச்சலுக்குள்
ஆட்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள்.
அவரே சொன்னதுதான்,
கல்யாணமான புதுசில்.

பெல்ட்டைப் போடச் சொன்னார்கள்.
"அன்னிக்கு டிக்கெட் எடுத்துட்டியா?"
ஜன்னலைப் பார்த்துக் கேட்டார்.
"எடுத்தேன்" என்றேன்
ஜன்னலைப் பார்த்து.
"எதுவரைக்கும்?"

"தேனி. ஒண்ணு."