பள்ளத்தாக்கு பார்த்த அறை

கழுத்தெலும்பு தேய்ந்ததற்குக்
கம்பெனி தந்த பரிசு:
கொடைக்கானலில் இரண்டு இரவு, ஐந்து நட்சத்திரம்.
இருபத்திரண்டு வருடச் சேவை என்று
கண்ணாடிப் பலகை ஒன்றும் தந்தார்கள்.
அதில் பெர்க்மான்ஸுக்குக் கடைசிப் புள்ளி விட்டுப்போயிருந்தது.

ஏரி பார்த்த அறைக்கு இரண்டாயிரம் கூட.
பள்ளத்தாக்கு பார்த்ததற்கு நாலாயிரம்.
சுவர் பார்த்ததற்கு ஒன்றுமில்லை.
எங்களுக்கு நாலாயிரம் எழுதியிருந்தது.
"மேகம் மட்டும் எங்க கையில இல்ல மேடம்"
என்றான் சாவி தந்த கோகுல்நாத்,
சட்டையில் பெயர் குத்தியிருந்தவன்.

எங்கள் வீட்டு முன்சுவரைவிடப் பெரிய ஜன்னல்.
அதற்கு அந்தப் பக்கம்
ஈர வேட்டியை இழுத்துக் கட்டியதுபோல் வெள்ளை.
அன்று முழுக்க வெள்ளை. மறுநாளும் வெள்ளை.
வெளியே எதுவும் இல்லாததால் உள்ளே இருந்ததைப் பார்த்தோம்.
ஆறு தலையணை.
முந்நூற்றைம்பது ரூபாய் முந்திரி, ஒரு கைப்பிடி.
குளிக்கும் தொட்டியில் ஒரு காலை வைத்துவிட்டு
எடுத்துக்கொண்டார்.

எங்கே நின்றாலும் இவர் குனிந்தே பார்ப்பார்.
கிரேன் கேபினில் தரையே கண்ணாடியாம்.
இரண்டு பாதத்துக்கும் நடுவே
நாற்பது மீட்டருக்குக் கீழே லாரி நிற்குமாம்.
பூசையில் பக்தி என்று நினைப்பார்கள்.
முப்பது டன் பெட்டியை முட்டைபோல் இறக்கும் கை
வீட்டில் டம்ளரை டக்கென்று வைக்கும்.

அத்தனை வருடம் தூக்குச்சட்டி கட்டினேன்,
எங்கே திறக்கப்படுகிறது என்று தெரியாமல்.
துறைமுக வாசலில் பெண்டாட்டிக்குப் பாஸ் கிடையாது.
ஒரு தடவை ரோச் பூங்காவில் நின்று
தூரத்தில் ஏதோ ஒரு கிரேனுக்குக் கையாட்டினேன்.
பிறகுதான் சொன்னார், அந்த வாரம் அவருக்கு
நைட் ஷிப்ட்.

இரண்டாவது இரவு, மூன்று மணி.
ஷிப்ட் மாறும் நேரத்துக்கு இன்னும் விழித்துக்கொள்கிறது உடம்பு.
"ஏட்டி, எந்திரி. இங்கன வா."

மேகம் கீழே இறங்கி எங்கள் காலடியில் படுத்திருந்தது.
மேலே நட்சத்திரம்.
அங்கங்கே கிழிந்த இடத்தில்
பெரியகுளம் பக்கத்து விளக்குகள்.
"அந்தா நிக்கிறதெல்லாம்
வெளியில நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கிற கப்பலுன்னு வச்சுக்க.
இந்தக் கிட்டத்து வரிசை ஜெட்டி."
"அசையிறது?"
"பைலட் படகு."
வத்தலக்குண்டிலிருந்து ஏறும் ஏதோ காய்கறி லாரி அது,
இருவருக்கும் தெரியும்.
"நீங்க எங்க?"
ஜன்னல் கண்ணாடியை விரலால் தட்டினார்.
"இங்கன."
"சோறு?"
"இங்கனயேதான். இறங்கி ஏற நேரம் ஏது?"
"அப்ப ஒண்ணுக்கு?"
கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு
"பாட்டில்" என்றார்,
சிரித்தார், நானும் சிரித்தேன்,
எனக்குச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

அவருடைய வலது கட்டைவிரல்
தானாக அசைந்துகொண்டிருந்தது,
அந்தப் பள்ளத்துக்குள்
எதையோ சத்தமில்லாமல் இறக்கி வைப்பதுபோல.
வைத்து முடிக்கும்வரை
நான் தொடவில்லை.

நாலரைக்கெல்லாம் வெள்ளை திரும்ப ஏறிவந்து மூடியது.
ஏழரைவரை குறட்டை விட்டுத் தூங்கினார்.

"சாரி மேடம், ரெண்டு நாளும் ஒண்ணுமே தெரியல.
மேனேஜர்கிட்டச் சொல்லி அந்த நாலாயிரத்தைக்
கம்பெனி பில்லில் குறைச்சிடவா?"
இவர் குனிந்து பில்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"வேண்டாம் தம்பி, இருக்கட்டும்" என்றேன்.
"பார்த்தாச்சு."
டாக்டர் கூடாது என்று சொன்ன அளவுக்குக்
கழுத்தை மெல்ல நிமிர்த்தி
என்னைப் பார்த்தார்.

மலை இறங்கும்போது
பன்னிரண்டாவது வளைவிலோ பதின்மூன்றிலோ
எனக்குக் குமட்டியது.
சட்டென்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.
வாங்குமுன்
ஒரு விநாடி
யோசித்தேன்.