தொழில் என்ற கட்டத்தில்

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி, சீட்டு வரிசை,
காலை எட்டு நாற்பது.
எனக்கு முன்னால் திருக்கை குத்திய பாதம் ஒன்று
பிளாஸ்டிக் பைக்குள் வீங்கி நிற்கிறது.
அதற்கும் முன்னால் ஐஸ் பெட்டி விழுந்த தோள்.
என் கையில் ரத்தமில்லை.
துப்பட்டாவுக்குள் வைத்திருக்கிறேன்,
திருடிய பொருளைப் போல.

பெயர்?
ரெக்ஸலின்.
ஊர்?
தங்கச்சிமடம்.
தொழில்?

தீவில் பிறந்தவள், தினமும் இரவு
இன்னொரு தீவில் குதிக்கிறேன்.
பத்து மணியிலிருந்து மூன்று வரை
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்தபடி
(அங்கேதான் நாலு கோடு சிக்னல்).
கட்டைவிரல்கள் ஓட, சுட்டுவிரல்கள் சுட,
நண்டுப்பிடி என்போம் அதை.
கீழக்கரை நைனா, தேவிபட்டினத்துப் பூமிராஜ்,
மஸ்கட்டில் ஷிப்டு முடித்து வரும் டெல்வின்,
நான். அங்கே என் பெயர் சீலா.
கடித்த பிறகே தெரியும் மீன்.

வலி முதலில் வந்தது
தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகும்போது.
பிறகு சுடிதார் ஊக்கில்.
பிறகு ஒரு ஞாயிறு மதியம்
தட்டிலிருந்த நண்டுக்காலை
உடைக்க முடியாமல் கீழே வைத்தபோது.
"போன நோண்டி நோண்டி" என்று ஆரம்பித்த அம்மா
பாதியில் நிறுத்தினாள்.
போன மாதக் கரண்டு பில்
என் பரிசுப் பணத்தில் கட்டியது.

ஐஸுக்குக் குறைவில்லாத ஊர்.
கம்பெனி வாசலில் சிதறிய துண்டை
மீன்வாடையோடு எடுத்து வந்து
இரண்டு ஆட்டத்துக்கு நடுவே மணிக்கட்டில் வைப்பேன்.
மரத்துப்போகும்.
மரத்த விரலுக்கு
குறி தப்பியதும் தெரியாது.

"தொழில்னு கேட்டேன்."
விளையாட்டு.
"கபடியா, வாலிபாலா?"
போன்ல.
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
பேனா கொஞ்ச நேரம் காற்றில் நின்று
கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு இழுத்தது.

டாக்டர் என் கட்டைவிரலை மடக்கி
மற்ற விரல்களால் மூடச் சொன்னார்.
மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தார்.
நான் கத்தியதில்
திருக்கை குத்தியவர் நொண்டி வந்து எட்டிப் பார்த்தார்.
"கைப்புள்ளை தூக்குறவங்களுக்கு வரும் இது.
ஒரே மாதிரி கை வேலை செய்யுற யாருக்கும் வரும்.
ஆறு வாரம் பட்டை. போனைத் தொடக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை தகுதிச் சுற்று.

பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியபோது
குழுவுக்குக் குரல் அனுப்பினேன்,
இடது கையால், உளறலாக.
நைனாவின் பதில் வருவதற்குள் பாலம் முடிந்திருந்தது.
"எனக்கும் ஒரு மாசமா முழங்கை. சொல்லல."
பிறகு பூமிராஜ். ஒரே சொல். "கழுத்து."
டெல்வின் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது,
நின்றது, மறுபடி காட்டியது.
ஒன்றும் வரவில்லை.

ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை.
பத்தொன்பது மாதமாகக் காதுக்குள் மூச்சு கேட்டிருக்கிறோம்.
எத்தனை குண்டு மிச்சம்,
எவ்வளவு உயிர் மிச்சம்,
ஒளிக்காமல் சொல்லிக்கொள்வோம்,
ஆட்டத்தில்.

இரவு பத்து.
தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.
இந்தப் பட்டையின் ஒட்டுநாடா
பிரித்தால் பெரிய சத்தம் போடும் ரகம்.
கீழே அம்மா இன்னும் தூங்கவில்லை.
நாலு கோடும் இருக்கிறது.