மூலைத் துண்டு

சௌசௌவைத் தண்ணீருக்குள் வைத்துச் சீவு,
இல்லாவிட்டால் பிசின் ஒட்டும்.
ஃபெலிசித்தா எழுதிவைத்த தாளில் முதல் வரி.
இரண்டாம் வரி:
தண்ணீருக்குள் என்று சொன்னேன் அல்லவா?
அதைப் படிக்கும்போது என் விரல்கள்
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

டிசம்பர் இருபத்துநான்கு, நெல்லித்தோப்பு.
அவளுக்கு ஜிப்மரில் இரவுப் பணி, எலும்பு முறிவு வார்டு.
பண்டிகைக்கு முந்தின ராத்திரிதான்
பைக்குகள் அதிகம் விழும் என்பாள்.
கிராத்தேன் இல்லாத கிறிஸ்துமஸ்
அவள் வீட்டில் இருந்ததில்லை.
என் வீட்டில் அந்தச் சொல்லே இருந்ததில்லை.
நாங்கள் பண்ருட்டிப் பக்கம்,
நல்ல நாள் என்றால் வடை.

பூசணியும் காலிஃபிளவரும்
பெரிய மார்க்கெட்டில் சேறு மிதித்து வாங்கியவை.
சீஸ், ஆரோவில் கடையில்.
விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்து
ஒரு டீ குடித்துவிட்டு
மறுபடி உள்ளே போனேன்.

வெண்ணெய் உருகியதும் மைதா தூவு,
பாலை நூல்போல் ஊற்றிக் கிளறு,
கட்டி தட்டினால் என்னைக் கூப்பிடாதே.
கட்டி தட்டியது.
கூப்பிடவில்லை, டீ வடிகட்டியில் தேய்த்து வடித்தேன்.
ஜாதிக்காய் ஒரே ஓர் உரசல்.
தாளில் இல்லாத இரண்டு பச்சைமிளகாயைப்
பொடியாக அரிந்து
பூசணிக்கு அடியில் ஒளித்தேன்.
பார்த்தவர் யாருமில்லை.
குடிலில்கூடக் குழந்தையை இன்னும் வைக்கவில்லை,
வெறும் வைக்கோல்.

மேலே சீஸ் துருவல், அதன்மேல் ரொட்டித் தூள்.
ஓவனில் வைத்த பன்னிரண்டாம் நிமிடம்
கரண்ட் போயிற்று.

ஒரு லைன்மேன் வீட்டில்.

"என்ன சார், உங்க வீட்லயுமா?"
எதிர்வீட்டு ரொசாரியோ
டார்ச்சை நேராக என் முகத்தில் அடித்தார்.
எந்தக் கம்பம், எந்த ஃபியூஸ்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
ஆனால் இந்தத் தெரு என் பிரிவில் வராது.
மழையில் ஏறாதே என்று
புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குச் சொல்வதும் நான்தான்.

தட்டைத் தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றி
டி.வி.எஸ்.ஸில் கால் வைக்கும் இடத்தில் இருத்தி
முழங்கால்களால் அணைத்தபடி ஓட்டினேன்.
ஒவ்வொரு வேகத்தடையிலும்
வெள்ளை சாஸ் ஒரு பெருமூச்சு விட்டது.

முத்தியால்பேட்டையில் விறகடுப்பு பேக்கரி.
காதர் நெய்னாவின் புருவத்திலும் மாவு.
கடைசி ஈடு பன் இறங்கி
அடுப்பு சும்மா காந்திக்கொண்டிருந்தது.
"கேக்கா?"
"காய்கறி."
"காய்கறிக்கா இவ்வளவு தூரம்?"
துடுப்பு நீண்டது, தட்டு உள்ளே போயிற்று.
எவ்வளவு நேரம் ஆகும் என்றேன்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல்
மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

முதலில் பால் மணந்தது.
பிறகு வெண்ணெய்.
பிறகு இன்னொன்று. சீஸ்தான்,
ஆனால் விலைச்சீட்டோடு இருந்தபோது
அதற்கு இந்த மணம் இல்லை.
மாவு பிசைந்துகொண்டிருந்த பையன்கள் இருவரும்
கையை நிறுத்திவிட்டார்கள்.

பொன்னிறமாய் வந்தது,
நடுவில் கொப்புளங்கள் வெடித்தபடி,
ஒரு மூலை மட்டும் கருகி.
நெய்னா காசு வாங்கவில்லை.
பையன்களுக்கு ஆளுக்கொரு கரண்டி எடுத்தேன்.
முழ நீளத்துக்கு நூல் இழுத்தது.
அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பதினொன்றரை. வார்டுக்கு வெளியே மாடிப்படி.
செருப்பைக் கழற்றிவிட்டு
மூன்றாம் படியில் உட்கார்ந்து
டப்பா மூடியில் போட்டுத் தின்றாள்.
ஒரு வாய். இன்னொரு வாய்.
கரண்டி நின்றது.
"மிளகாய் போட்டியா?"
நான் மேலே விளக்கைப் பார்த்தேன்.
இங்கே நன்றாகவே எரிந்தது.

உள்ளேயிருந்து யாரோ "சிஸ்டர்" என்றார்கள்.
கருகிய மூலையைச் சுரண்டி வாயில் போட்டபடி எழுந்தாள்.
"மிச்சத்த மூடி வை.
யாருக்கும் குடுத்துடாத."