மூன்று மூட்டை கரி

முங்யோங் மலையடிவாரத்தில்
ஒட்டுப்பலகையில் ஓர் அரண்மனை.
தூணைத் தட்டினால் உள்ளே காலி.
என் வேலை பிழை பொறுக்குவது.
நாள் சம்பளம், மதியச் சாப்பாடு உண்டு.

முதல் நாள் கிம்ச்சியை வெளுக்க வைத்தேன்.
மிளகாய் இந்தக் கரைக்கு வர
இன்னும் நூறு வருஷம் கிடக்கிறது என்றேன்.
"சிவப்பே இல்லாமல் என்ன விருந்து?" என்று
ஒளிப்பதிவாளர் முனகினார்.
மறுநாள் அரசியின் கொண்டையிலிருந்து
ஒரு நூற்றாண்டைப் பிடுங்கினேன்:
பட்டாம்பூச்சி ஊசி, பிற்காலத்தது.
பிறகு வந்தது பாலம்.

இருபத்தேழாம் காட்சி. பனி.
அரசியும் அவள் சக்களத்தியும் எதிரெதிரே.
ஓர் அறை. அதன் எதிரொலி.

"இவர்கள் சந்தித்ததாக
எந்த ஏட்டிலும் இல்லை."
"சந்திக்கவில்லை என்று இருக்கிறதா?"
என்றார் இயக்குநர் குக் சாங்-வூ,
காகிதக் கோப்பைக் காப்பியை ஊதிக்கொண்டே.

இல்லைதான்.
அரசவை நாளேட்டை எழுதியவன்
ஜெயித்த கட்சிக்காரன்.
அன்று காலை மூடுபனி, மதியம் வெயில்,
வடக்கே ஒரு வால்நட்சத்திரம், அதன் நீளம்,
எல்லாம் சுத்தமாகக் குறித்துவிட்டு
மேற்கு அறைக்காரியைப் பாம்பு என்றான்.
தேதி பிசகாத பொய்.
அதைப் படித்துத்தான் பட்டம் வாங்கினேன்.

நஞ்சுக் கஷாயம் சினிமாவில் உடனே பலிக்கும்.
கிண்ணம் உருண்டு நிற்பதற்குள்
உதட்டோரம் ரத்தம் வந்துவிடும்.
நிஜத்தில் அது இழுக்கும்.
தரையடியில் தீ மூட்டி
அறையை அனலாக்கினால்
சீக்கிரம் முடியும் என்பார்கள்.

எரிபொருள் கொட்டிலின் கணக்கு ஒன்று,
கரையான் மிச்சம் வைத்த பக்கத்தில்:
'பதினோராம் மாதம், இரவு.
அரசியின் பங்கிலிருந்து மேற்கு அறைக்கு
மூன்று மூட்டை கரி.'

அவ்வளவுதான்.
சீக்கிரம் சாகட்டும் என்ற ஆத்திரமா,
சீக்கிரம் விடுபடட்டும் என்ற இரக்கமா?
கணக்குப்பிள்ளைக்கு அது தேவையில்லை.
அவன் மூட்டையை எண்ணினான்.

இதை எடுங்கள் என்று குக்கிடம் கெஞ்சினேன்.
பாலத்தை வைத்துக்கொள்ளுங்கள்,
அறையையும் வைத்துக்கொள்ளுங்கள், இதை எடுங்கள்.
(பிழை பொறுக்க வந்தவள்
பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.)

அரசியாக நடித்த தோக்கோ மி-ரே
பாதி ஒப்பனை கலைத்த முகத்தோடு கேட்டாள்:
"கரியை அனுப்பும்போது
நான் எப்படிப் பார்க்க வேண்டும்?"
தெரியாது என்றேன்.
"தெரியாததை எப்படி நடிப்பது?"
அதுவும் தெரியாது.
அவள் சிரிக்கவில்லை.
ஒரு கன்னம் அரசி, ஒரு கன்னம் வெறும் தோல்;
கண்ணாடியில் ரொம்ப நேரம் இரண்டையும் பார்த்தாள்.

ஏழு முறை எடுத்தார்கள்.
ஏழாவதில் மூட்டைகளைப் பார்க்கவே இல்லை அவள்.
குனிந்து
தன் அறைத் தரையில் உள்ளங்கை வைத்தாள்,
கொதிக்கிறதா என்று பார்ப்பதுபோல.
அந்தத் தரைக்குக் கீழே
மின்கம்பிகளும் ஒரு பூனையும்தான் இருந்தன.
எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.
எந்த ஏட்டிலும் இல்லாத கை அது.

தேகு நகரத்தில், வெள்ளிக்கிழமை இரண்டாம் ஆட்டம்.
பாலத்தில் அறை விழுந்தபோது
அரங்கமே மூச்சை இழுத்தது.
நானும்தான், வெட்கம் கெட்டு.
கரிக்கு நான்கு விநாடி. எண்ணினேன்.

பெயர்கள் ஓடின.
'வரலாற்று ஆலோசனை' என்ற வரியில்
பியோ என்பது பியே ஆகியிருந்தது.
பக்கத்து இருக்கைப் பெண்
கழுத்துத்துணியைச் சுற்றிக்கொண்டே,
வறுத்த கணவாய்ப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே,
"பாவி" என்றாள்.

எந்தப் பாவியை என்று கேட்கவில்லை.
திட்டினாளா, இரங்கினாளா,
குரலிலும் பிடிபடவில்லை.
விளக்குகள் எரிந்தன.
கோட்டுப் பையில் துண்டுச்சீட்டு ஒன்று கிடைத்தது;
அன்றைய தேதி போட்டேன்,
வெளியே மழை என்று எழுதினேன்,
அவள் சொன்னதை மட்டும் எழுதினேன்.